ராம் வாங்கப் போற பேரனுக்கு

இங்கன வாலே. பைக் சாவியக் கீழ வை. டவுனுக்குப் போயி இன்னொரு எட்டு ஜிபி ராம் வாங்கணும்னு ஒங்க ஆச்சிகிட்ட துட்டு கேட்டியாமே? அவளும் முந்தியில முடிஞ்சு வச்சிருந்தத அவுக்கப் போனா. நாந்தான் செத்த பொறுன்னு சொன்னேன்.

துட்டு போனாப் போவுது. ஆனா நீ ராம் போட்ட பொறவும் அந்தச் சர்வர் இப்படியே நொண்டிக்கிட்டுத்தான் நடக்கும். அப்ப அடுத்து என்ன கேப்ப? கிராபிக்ஸ் கார்டு கேப்ப. மானிட்டரே இல்லாத பெட்டிக்குக் கிராபிக்ஸ் கார்டு!

கெழவனுக்கு மைன்கிராஃப்ட் பத்தி என்ன தெரியும்னுதான முழிக்க? மச்சியில உக்காந்துக்கிட்டு ராத்திரி பூரா 'லேக் லேக்'குன்னு நீங்க கூப்பாடு போடுதத கீழ தார்சால படுத்துக்கிட்டு நாந்தான கேக்கேன். நீ ஒறங்குன பொறவு ஒன் தங்கச்சியக் கூப்பிட்டு அந்த லாக் ஃபைலத் தொறக்கச் சொல்லிப் படிச்சும் பாத்தாச்சு. ஒனக்கு அப்படி ஒரு ஃபைல் இருக்கதாவது தெரியுமாலே?

நான் டெலிபோன் இலாகாவுல லைன்மேனா இருந்தவன். போன் செத்துப்போச்சுன்னு ஒருத்தர் புகார் எழுதுனா, ஓடிப்போயி புதுப் போன் வாங்கிக் குடுக்க மாட்டோம். டெஸ்ட் போனத் தோள்ல மாட்டிக்கிட்டு நேரா வீட்டுக்கு லைன் பிரியுத டிபி பெட்டிக்குப் போவோம். ரெண்டு கம்பியிலயும் கொக்கியப் போட்டுக் காதுல வைப்போம். டயல் டோன் கேட்டா, கோளாறு அங்கேருந்து வீட்டுக்குள்ள. கேக்கலையா, பில்லர் பக்கம், எக்ஸ்சேஞ்ச் பக்கம். பாதி ஊரு அத்தோட கழிஞ்சிரும். மிச்சம் இருக்கதுல மறுபடி பாதி. ஒனக்கும் சோலி அதேதான். நீ என்ன பண்ணுத? கம்பத்தையே புடுங்கி வேற நடணும்னு நிக்க.

லேக்குல மூணு சாதி இருக்கு. ஆடுதவன் பெட்டி முக்குறது ஒண்ணு. நடுவுல இருக்க லைன் இழுக்குறது ஒண்ணு. சர்வரே மூச்சு வாங்குறது ஒண்ணு. மூணுக்கும் நீங்க வச்சிருக்க பேரு ஒண்ணே ஒண்ணு. அதனாலதான் ஒரு வைத்தியமும் பலிக்க மாட்டேங்கு.

ஒன் கூட்டாளி ஒருத்தன், சுத்திச் சுத்திப் பாத்தாலே படம் வெட்டி வெட்டி வருதுன்னு அழுதானே, அவன எஃப்3 அமுக்கச் சொல்லு. எஃப்பிஎஸ் 15, 20ன்னு காட்டும். பழைய லேப்டாப்புல தண்ணி மினுமினுங்கணும்னு ஷேடர் போட்டு வச்சிருக்கான். அதுக்கு நீ எதுக்குலே ராம் வாங்கணும்? ஷேடரக் கழத்தச் சொல்லு. அவன் சோலி முடிஞ்சுது.

மிச்சம் ரெண்டு. ஒன் தங்கச்சி இதே வீட்டுல, இதே ரவுட்டர்ல, கம்பி மாட்டி ஆடுதா. வெளியூர்க்காரன் கத்துத நேரத்துல அவளுக்கு எப்படி இருக்குன்னு என்னைக்காவது கேட்டியா? கேக்க மாட்ட. தங்கச்சிகிட்ட கேக்கதுக்குக் கௌரவம் தடுக்கும். அவளுக்கு நல்லா ஓடி, பெங்களூர்ல இருக்க ஒன் கூட்டாளிக்கு மட்டும் இழுத்தா லைன் கோளாறு. அவளுக்கும் இழுத்தா சர்வர் கோளாறு. அவதான் ஒன் டிபி பெட்டி.

நான் கேட்டேன். அவளுக்கும் இழுக்காம். கல்ல ஒடைச்சா ஒடைஞ்ச கல்லு திரும்ப வந்து ஒக்காந்துக்கிடுதாம். மாடு நின்ன எடத்துலயே நிக்காம், பொறவு திடீர்னு துள்ளுதாம். பெட்டியத் தொறந்தா பைய தொறக்காம். ஆனா சாட்டுல போடுத மெசேஜ் மட்டும் உடனே போயிருதாம். லைன் சரியில்லன்னா சாட்டும்லா தங்கி வரணும்? ஆக, கோளாறு மச்சியில இருக்க பெட்டிக்குள்ள. இதக் கண்டுபிடிக்க எனக்குக் காபி ஆறுத நேரந்தான் ஆச்சு.

இப்ப அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குன்னு கேளு. மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு செகண்டுக்கு 20 டிக் அடிக்கணும். ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். அதுக்குள்ள எல்லா ஆடு மாடும் ஒரு எட்டு வைக்கணும், பயிரு வளரணும், ரெட்ஸ்டோன் ஓடணும், கொட்டிக் கெடக்க சாமானுக்கு வயசு ஏறணும். 50க்குள்ள முடிச்சா மிச்ச நேரம் சும்மா ஒக்காந்திருக்கும். முடிக்க முடியலன்னா டிக்கு பிந்தும். ரெண்டு செகண்டுக்கு மேல பிந்திட்டா 'கான்ட் கீப் அப், இஸ் த சர்வர் ஓவர்லோடட்'னு லாக்குல எழுதி வைக்கும். ஒன் லாக்குல பக்கத்துக்குப் பக்கம் அதான் கெடக்கு. பெட்டி ஒனக்கு லெட்டர் மேல லெட்டர் எழுதியிருக்கு, நீ ஒண்ணக்கூடப் பிரிக்கல.

டூல் எதுவும் வேண்டாம்னா சூரியனப் பாரு. அந்த ஒலகத்துல ஒரு நாளுங்கது 24,000 டிக், அதாவது நம்ம கடியாரத்துல 20 நிமிஷம். டிக்கு செகண்டுக்கு பத்தாக் கொறைஞ்சா அதே நாளு 40 நிமிஷம் இழுக்கும். கீழ போட்ட சாமான் 5 நிமிஷத்துல மறையணும், அது பத்து நிமிஷம் கெடக்கும். கெடக்க சாமான் கூடக்கூட டிக்கு இன்னும் பிந்தும். கடன் வாங்கி வட்டி கட்டுத வீடு மாதிரி ஆயிப்போவும் பாத்துக்கோ.

சரியா அளக்கணும்னா எம்எஸ்பிடின்னு ஒரு கணக்கு இருக்கு, ஒரு டிக்குக்கு எத்தன மில்லிசெகண்ட் ஆவுதுன்னு. பேப்பர்னு வேற ஆளுவ எழுதுன சர்வர் ஒண்ணு உண்டு, அதுல 'எம்எஸ்பிடி'ன்னே கமாண்டு. இந்த வெளையாட்ட எழுதுன மோஜாங் குடுத்ததயே அப்படியே ஓட்டுதவனுக்கு 1.20.3லேருந்து 'டிக் க்வெரி'ன்னு உண்டு. செகண்டுக்கு எத்தன டிக்குன்னு சொல்லுத டிபிஎஸ்ஸ மட்டும் பாத்து ஏமாந்துராத. டிக்குக்கு 10 மில்லிசெகண்ட் ஆனாலும் டிபிஎஸ் 20தான், 49 ஆனாலும் 20தான். முதல்ல சொன்னவன் சாய்வு நாற்காலியில கெடக்கான், ரெண்டாவது ஆளு கெணத்து ஓரத்துல நிக்கான்.

ராம் வாங்குனா என்ன ஆவும்னு இப்பச் சொல்லுதேன். அஞ்சாறு பயலுவ ஆடுத சர்வருக்கு 4 ஜிபி இருந்தா ஓடிரும். ஒன் பெட்டியில மொத்தம் எட்டு. அந்த எட்டையும் நீ ஜாவாவுக்கே எழுதிக் குடுத்துட்ட! அப்ப விண்டோஸ் எங்க போயி ஒக்காரும்? டிஸ்க்குல போயி ஒக்காரும். டிஸ்க்கு பழைய சுத்துற டிஸ்க்கு. கேக்கணுமா? அதோட ஜாவாவுக்குன்னு குப்ப அள்ளுத வேல ஒண்ணு உண்டு, அது நடக்கும்போது அப்பப்ப எல்லாத்தையும் நிறுத்தி வச்சிரும். எடத்தக் கண்டபடி பெருசாக்கிக் குடுத்தா, அள்ளுத முறை கொறையலாம், ஆனா ஒருக்க அள்ளுனா நீண்டு போவும். ராம் பத்தாம லேக் வரும், வராதுன்னு சொல்லல. அப்படி வந்தா ஸ்பார்க்குன்னு ஒரு டூல ஓட்டிப் பாத்தா, ஜிசிங்க அந்தக் குப்ப அள்ளுத கணக்குல அது தெரியும். ஒனக்கு அது தெரியல. தெரியாத வியாதிக்கு ஊசி போடப் போறவன் நீ.

ஒன் கூட்டாளி இன்னொருத்தன் இருக்கானே, பழைய ஆபீஸ் சர்வர் சல்லிசா வருது, 24 கோர் இருக்குன்னு. அவன வீட்டுப் பக்கம் விடாத. இந்த வெளையாட்டுல டிக்க ஓட்டுத முக்கிய வேல பூரா ஒரே த்ரெட்டுல நடக்குது. நெட்வொர்க்கு, புது நெலம் உண்டாக்குறதுன்னு சிலத மத்த கோர் பாத்துக்கிடும். ஆனா மாடு நடக்கணுமா நிக்கணுமாங்கறத ஒருத்தன்தான் தீர்மானிக்கான். அதனால 2 கிகாஹெர்ட்ஸ்ல நடக்க 24 கோர விட, 4.5ல ஓடுத நாலு கோர் மேலு. பல த்ரெட்டுக்குப் பிரிச்சுக் குடுக்க ஃபோலியான்னு ஒண்ணு பேப்பர்க்காரனுவளே எழுதியிருக்கானுவ. அது நூத்துக்கணக்குல ஆளு நாலா திசையிலயும் சிதறிக் கெடக்க ஊருக்கு. ஒன் ஊருல இருக்கது ஆறு பேரு, அதுல ரெண்டு பேரு எப்பவும் சண்ட.

இனி ஒன் குத்தத்துக்கு வாரேன். சர்வர் ப்ராப்பர்டீஸ் ஃபைல்ல வியூ டிஸ்டன்ஸ் எவ்வளவுலே வச்சிருக்க? 32. அழகா தெரியணும்னு வச்சியாம். கடையில வாங்குன கணக்கா அது 10ன்னுதான் வரும். கணக்குப் போடுவோமா? ஒரு ஆளச் சுத்தி நாலு பக்கமும் பத்து சங்க்குன்னா, 21ஐ 21ஆல பெருக்கு: 441. முப்பத்திரெண்டுன்னா 65ஐ 65ஆல: 4,225. சங்க்கு ஒண்ணு 16க்குப் 16, ஒசரம் 384 கட்டை. ஆறு பேரும் ஆளுக்கொரு தெசையில நிக்கியள். ஆறு நாலாயிரத்து இருநூத்தி இருபத்தஞ்சு எவ்வளவு? இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல. ஒன் அப்பன் வாங்கிப்போட்ட பழைய பெட்டிக்கு நீ ஒரு ஜில்லாவையே எழுதி வச்சிருக்க, கலெக்டரு நீதான்.

அதுலயும் ரெண்டு கணக்கு உண்டு, கவனி. வியூ டிஸ்டன்ஸ்னா கண்ணுக்குத் தெரியுத தூரம். சிமுலேஷன் டிஸ்டன்ஸ்னா அதுக்குள்ள ஆடு நடக்கும், பயிரு வளரும். 1.18லேருந்து ரெண்டும் தனித்தனி. டிக்க நசுக்குறது பெரும்பாலும் ரெண்டாவது. அத அஞ்சுக்கோ ஆறுக்கோ கொண்டா. வியூவ எட்டுல வை. தூரத்து மல தெரியலன்னு ஒருத்தன் கேட்டா, பக்கத்துல போயிப் பாக்கச் சொல்லு.

அடுத்து அந்த இரும்பு ஃபார்ம். ஒன் தங்கச்சி காட்டுனா. எத்தன ஹாப்பர்லே அது? தரையில வரிசையா பாயி விரிச்ச மாதிரி. ஒரு ஹாப்பர் எட்டு டிக்குக்கு ஒரு சாமானத்தான் தள்ளும். ஆனா அதுக்கு மேல பெட்டி எதுவும் இல்லன்னா, மேல ஏதாவது விழுந்து கெடக்கான்னு ஓயாம தேடிக்கிட்டே இருக்கும். ஒன் எடத்துல இருக்க பாதி ஹாப்பருக்கு மேல சாமான் விழுறதே கெடையாது. சங்கிலி போட்டு ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தள்ளி விட்டிருக்க. அதுவளுக்கு மேல ஒரு கம்போஸ்டரத் தூக்கி வை. மேல பாக்குத சோலி போயிரும். இல்லன்னா வழியில தண்ணி விட்டு அதுல சாமானப் போக விடு. ஹாப்பர் கடைசியில ஒண்ணு போதும்.

அதுக்குப் பக்கத்துல வில்லேஜர்கள ஒரு கட்டைக்கு ஒருத்தனா அடைச்சு வச்சிருக்கியே, கண்ணராவி. அவனுவளுக்கு வீடு, வேல, படுக்கன்னு எல்லாம் தேடணும். போவ முடியாதுன்னாலும் வழி தேடுவானுவ. அந்தத் தேட்டந்தான் டிக்குல போவுது. யாவாரத்துக்கு வேணுங்கறவன வச்சிக்கிட்டு மிச்சத்தக் கொறை. கோழிப் பண்ணயும் அப்படித்தான். ஒரே கட்டையில 24க்கு மேல நெருக்குனா மூச்சு முட்டிச் சாவும்னு அவனுவளே சட்டம் வச்சிருக்கானுவ, நீ அந்த 24 வரைக்கும் நெருக்கி நெருக்கிப் பத்துக் குழி வச்சிருக்க.

இதயெல்லாம் நான் சொல்லி நீ நம்பணும்னு இல்ல. ஸ்பார்க்குன்னேன்லா, அத ராத்திரி எல்லாரும் ஆடுத நேரமாப் பாத்து ஒரு பத்து நிமிஷம் ஓட விடு. டிக்குல எத்தன சதவீதம் யாரு திங்கான்னு பேரோட எழுதிக் குடுத்துரும். 1.21லேருந்து பேப்பர் கூடவே அது வருது. காலையில எவனும் இல்லாத நேரத்துல ஓட்டிட்டு, எல்லாம் நல்லாத்தான இருக்குன்னு வந்து நிக்காத.

இன்னொண்ணு. எலிட்ராவும் ராக்கெட்டும் கெடச்ச நாள்லேருந்து அந்தப் பெங்களூர்க்காரன் பறந்துக்கிட்டே இருக்கானாம். ராக்கெட்டு வச்சுப் பறந்தா செகண்டுக்கு முப்பது கட்டைக்கு மேல போவான், அதாவது ரெண்டு சங்க்கு. வியூ பத்துன்னாலே செகண்டுக்கு நாப்பது புதுச் சங்க்கு அவனுக்காக உண்டாக்கணும், மலயும் கொகயும் சேத்து. முப்பத்திரெண்டுல என்ன ஆவும்னு நீயே போட்டுப் பாரு. ஒருத்தன் பறக்க, அஞ்சு பேரு ஒறைஞ்சு நிக்கிய. வேர்ல்டு பார்டர் போட்டு எல்லையக் கட்டு. சங்க்கின்னு ஒரு ப்ளகின் இருக்கு, எல்லைக்குள்ள இருக்க நெலத்த முன்கூட்டியே உண்டாக்கி வச்சிரும். நடுவுலேருந்து நாலு பக்கமும் 5,000 கட்டைன்னா 625ஐ 625ஆல, 3,90,625 சங்க்கு வரும். ராத்திரி எல்லாரும் போன பொறவு ஓட விட்டுட்டுப் படு. டிஸ்க்குல எடம் இருக்கான்னு முதல்ல பாத்துக்கோ.

லேக்க நீக்குதேன்னு ஒரு ப்ளகின் போட்டியே, அதத் தூக்கி எறி. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்க ஒலகத்துல கெடக்க சாமானையெல்லாம் எண்ணி எண்ணி அழிக்கதுக்கே அது டிக்க எடுத்துக்கிடுது. போன வாரம் செத்து விழுந்தவனோட வைரத்தையும் சேத்து அழிச்சதுதான் அதோட சாதன. அதுக்குப் பொறவுதான அந்த ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுது?

அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒருக்க ஒரு குலுக்கு குலுக்குதுன்னு ஒன் தங்கச்சி சொன்னா. அது சேமிக்குத நேரம். 6,000 டிக்குக்கு ஒருக்க ஒலகத்த டிஸ்க்குல எழுதும். துட்டு செலவழிச்சே ஆவணும்னு கை அரிச்சா ஒரு எஸ்எஸ்டி வாங்கு. பேப்பருக்கு மாறுனா, அது மொத்தமா எழுதாம கொஞ்சங்கொஞ்சமாப் பிரிச்சு எழுதிக்கிடும்.

மத்தியானத்துல மட்டும் கூடுதலா இழுக்குல்லா? சித்திர வெயிலு, மச்சிக்கு மேல மொட்ட மாடி, அதுக்குக் கீழ சன்னலச் சாத்தி வச்சு அந்தப் பெட்டி. சூடு ஏறுனா ப்ராசஸர் தன்னால வேகத்தக் கொறைச்சிக்கிடும். தூசியத் தட்டி, கீழ பட்டாசாலையில கொண்டாந்து வை. ஆச்சி சீரியல் பாக்குத நேரத்துல காத்தாடி எப்படியும் ஓடும்.

லைன் கோளாறே இல்லன்னும் சொல்லல. சிங்கப்பூர்ல இருக்கவனுக்கு, சென்னையிலேருந்து கடலுக்கடியிலயே 3,000 கிலோமீட்டருக்கு மேல கேபிளு. கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போவும். போய்வர 30 மில்லிசெகண்டுக்குக் கொறைய எந்தக் கொம்பனாலயும் முடியாது. அதுக்கு நம்ம ஊரு வரைக்கும் வார தூரமும் சேரும். அது குத்தமில்ல, பூமி அவ்வளவு பெருசு. ஆனா பாளையங்கோட்டையில இருக்கவனுக்கு 120 காட்டுதே, அது ஏன்? நம்ம வீட்டு இணைப்புக்குத் தனி ஐபி குடுக்காம பல வீட்டுக்குச் சேத்து ஒண்ணு குடுத்திருக்கான். போர்ட்டு தொறக்க முடியல. அதுக்கு நீ ஒரு டன்னல் சேவையப் போட்ட. அதோட மெஷின் வெளிநாட்டுல இருக்கு. பாளையங்கோட்டைப் பய நம்ம அம்பாசமுத்திரத்துக்கு வாரதுக்குக் கடல் தாண்டிப் போயிட்டு வாரான். வழியில சாப்பிட்டானான்னு கேளு. ஆறே பேருதான, டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்ணப் போட்டா பெரும்பாலும் நேருக்கு நேரா இணைச்சு விடும். சர்வர் பெட்டிக்கு வைஃபைய எடுத்துட்டுக் கம்பி மாட்டு. கம்பிய நம்பி நான் பென்சன் வாங்குதேன், நீ வாங்க மாட்டியா?

எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்திராத. ஒண்ண மாத்து, எம்எஸ்பிடியப் பாரு, நோட்டுல எழுது, பொறவு அடுத்தத மாத்து. மொத்தமா மாத்துனா எது பலிச்சுதுன்னு ஒனக்கும் தெரியாது, கேட்டா ராம்தான்னு சொல்லிக்கிட்டுத் திரிவ. முதல்ல சிமுலேஷன் டிஸ்டன்ஸ். அடுத்து ஹாப்பர்.

பேப்பருக்கு மாறுறதுக்கு முந்தி சர்வர நிறுத்திட்டு அந்த வேர்ல்டு ஃபோல்டர அப்படியே வேற டிஸ்க்குல நகல் எடுத்து வை. ஓடிக்கிட்டு இருக்கும்போது எடுத்தா பாதி எழுதுன ஃபைலுதான் கெடைக்கும். புது வெர்ஷனுக்கு ஏத்துன ஒலகத்தப் பழசுக்கு எறக்கவும் முடியாது. நகல் எடுத்தாச்சான்னு ஒன் தங்கச்சிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் ஆச்சிய முந்தியத் தொட விடுவேன்.